டியூமர் போர்டு மருத்துவர்களுக்கு: கடைசிக் கீமோ தேதியையும் முதல் நாளே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

கருப்பை உட்படலப் புற்றுநோய் நிணநீர் முடிச்சுவரை பரவியிருக்கிறது; அறுவை முடிந்தது; கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க முடிவாகிறது. அறுவைத் துறை கதிர்வீச்சுத் துறைக்கு எழுதுகிறது. அவர்கள் தங்கள் பங்கை முடித்துக் கீமோ துறைக்கு எழுதுகிறார்கள். காகிதத்தில் சேர்ப்பு சிகிச்சை, நடப்பதென்னவோ கைமாற்றல்தான். முதல் கதிருக்கு முன்பே டியூமர் போர்டில் மூன்று துறையும் ஒன்றாக உட்கார்ந்து, கடைசிக் கீமோவரை ஒரே தாளில் எழுத வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

தாளின் தலையில் பேத்தாலஜி, அதாவது திசுப் பரிசோதனை முடிவு, இருக்க வேண்டும். ‘நிலை 3’ என்ற ஒற்றை வரி போதாது. பி53 (கட்டியை அடக்கும் புரதம்), எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) இரண்டையும் திசுவுக்குச் சாயமேற்றும் இம்யூனோ பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். ‘போல்’ (POLE) மரபணுவுக்கு அதன் வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் தேவை, நாள் பிடிக்கும். ஆகவே புற்று உறுதியானதுமே அனுப்பிவிடுங்கள். கதிர்வீச்சு மட்டும் கொடுப்பதையும் கீமோவோடு சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்ட போர்ட்டெக்-3 ஆய்வில் பி53 பிறழ்ந்தவர்களுள் ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கதிர்வீச்சு மட்டும் என்றால் 36 சதவீதம். கீமோவும் சேர்ந்தபோது 59. ‘போல்’ பிறழ்வு உள்ளவர்களில் இரு பிரிவிலும் ஏறக்குறைய யாருக்கும் நோய் திரும்பவில்லை. எம்எம்ஆர் குறைபாட்டில் கீமோவின் கூடுதல் பலன் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதினால், பலன் இல்லாதவரும் நரம்பு மரத்துப்போவதை மட்டும் வாங்கிச் செல்வார்.

நோயாளியிடம் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2019இல் வெளியான ஜிஓஜி-258 ஆய்வில் சேர்ப்பு சிகிச்சையும் ஆறு சுழற்சிக் கீமோவும் ஏறக்குறைய சமம்: ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 59, 58 சதவீதம். யோனியிலும் இடுப்பு முடிச்சுகளிலும் நோய் திரும்புவதைக் கதிர் குறைத்தது. தொலைவில் தோன்றுவதைக் குறைக்கவில்லை.

போர்ட்டெக்-3 அட்டவணை உங்களுக்குத் தெரிந்ததே. கதிர் 1.8 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 27 தடவை, மொத்தம் 48.6 கிரே. முதல் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் சதுர மீட்டருக்கு 50 மி.கி. சிஸ்பிளாட்டின். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின் ஏயுசி 5 (உடலில் மருந்து மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இலக்கு), பக்ளிடாக்சல் சதுர மீட்டருக்கு 175 மி.கி., நான்கு சுழற்சி.

கருப்பை எடுத்த இடத்தில் சிறுகுடல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். யோனி உச்சியோ சிறுநீர்ப்பை நிரம்புவதைப் பொறுத்து நகரும். எனவே திட்டமிடும்போது பை நிரம்பிய நிலையிலும் காலியான நிலையிலும் சி.டி. எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட நகர்வைக் கதிர் பட வேண்டிய பகுதியில் சேர்க்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் முன்பு என்பதை நோயாளியின் கையில் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல் நாளுக்கு நாள் மாறும்.

சிக்கல் பெரும்பாலும் நான்காம் வாரத்தில் தொடங்குகிறது. குடலில் கதிர் பட்டு வயிற்றுப்போக்கு வலுக்கும் நேரத்தில்தான் இரண்டாவது சிஸ்பிளாட்டினும் வருகிறது. நீர் வற்றிய உடலில் அது ஏறினால் சிறுநீரகம் அடிவாங்கும். புதிதாக எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன், கூடவே மெக்னீசியம்: படுக்கை நெருக்கடி என்று இதில் எதையும் சுருக்கக் கூடாது.

அப்போது பட்ட அடி கார்போபிளாட்டின் கணக்கில் தெரியும். அளவு என்பது ஏயுசியை, சிறுநீரக வடிகட்டு வேகத்தோடு 25 கூட்டிய தொகையால் பெருக்குவது. ஏயுசி 5க்கு, வேகம் 90 என்றால் 575 மி.கி.; 60க்கு இறங்கியிருந்தால் 425. அறுவைக்கு முந்தைய கிரியேட்டினினை அப்படியே எடுத்துப் போட்டால் 150 மி.கி. அதிகமாக ஏறும், அதுவும் இடுப்பெலும்பு மஜ்ஜை கதிரில் வாடிக் கிடக்கும் வேளையில். பிளேட்லெட் சரியும், சுழற்சி தள்ளிப்போகும், ‘நோயாளியால் தாங்க முடியவில்லை’ என்று பதிவாகும். பிழை கணக்கில் இருந்ததைக் கோப்பு சொல்லாது.

பக்ளிடாக்சலுக்கு முன் ஒவ்வொரு முறையும் பொத்தான் போட முடிகிறதா, படியில் கால் படுவது உணர்வில் தெரிகிறதா என்று கேளுங்கள். இந்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். ஏற்கெனவே நரம்பு பாதித்திருக்கலாம். முன்மருந்தாகக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடவும் செய்யும்.

கதிர் முடிந்தபின் யோனி ஒட்டிச் சுருங்காமலிருக்க டைலேட்டர் (யோனியை விரித்து வைக்கும் கருவி) பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். கீமோ துறை ‘கதிர் துறை சொல்லியிருக்கும்’ என்று நினைக்கிறது, கதிர் துறை ‘கீமோ முடியட்டும்’ என்கிறது. சொல்ல வேண்டியவரின் பெயரையும் தேதியையும் அதே தாளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ச் சிகிச்சைப் பணியாளர்கள் சிலர்