எச்சில் ரிப்போர்ட் கிடைத்தது

மார்த்தாண்டம்

அன்பு மக்ளே,

ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பியிருக்கிறாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

'க்ரோன்ஸ் நோய்: சராசரியைவிடக் குறைந்த வாய்ப்பு' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறான். சிறுகுடல் முடியும் இடத்தில் புண்ணும் சுருக்கமும் இருக்கிறவளிடம் காசையும் வாங்கிக்கொண்டு, உனக்கு அது வராது என்கிறான்! இதைப் பார்த்து நீ சிரித்திருந்தால் கொள்ளாம். ஆனால் சிரிப்பு வந்தால் நீ சும்மா அனுப்புகிற ஆள் இல்லையே, கூடவே நாலு கேலியும் வருமே.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று கேள். உன் எச்சிலில் அவர்கள் பார்த்தது 16-வது குரோமோசோமில் இருக்கும் நாட்2 ஜீனில் மூன்றே மூன்று இடம். க்ரோன்ஸுக்கு முதன்முதலில் பிடிபட்ட ஜீன் அது, 2001-இல். பிடித்தது ஐரோப்பிய வம்சத்துக் குடும்பங்களை வைத்து. அந்த மூன்று மாற்றமும் நம் ஆட்களிடம் அபூர்வம். ஜப்பான், கொரியா, சீனாவில் அநேகமாக இல்லவே இல்லை. நோய் மட்டும் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது, கூடிக்கொண்டும் வருகிறது. நம் தெருவில் யார் எச்சிலைக் கொடுத்தாலும் பெரும்பாலும் இதே பச்சைதான் வரும். இன்றைக்கு 200-க்கும் மேற்பட்ட ஜீன் இடங்கள் இந்தக் குடல் நோய்களோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம்தான்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை நீ. இதையும் கணக்காகவே பார். ஐரோப்பியர்களில் நாட்2-இன் இரண்டு பிரதியும் கெட்டவர்களில்கூடப் பெரும்பாலானோர் க்ரோன்ஸ் வராமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஒரே கருவில் உண்டான இரட்டையரில் ஒருவருக்கு க்ரோன்ஸ் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு. பெருங்குடலில் புண் வருகிற அதன் பங்காளி நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் இன்னும் குறைவு. ஜீன் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் இவ்வளவுதான்.

மீதியில் ஒரு முக்கியப் பங்கு குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு. பாக்டீரியாச் சுவரின் ஒரு துண்டு, மியூரமைல் டைபெப்டைடு, செல்லுக்குள் வந்தால் அடையாளம் காண்பதுதான் நாட்2-இன் வேலை. களியக்காவிளை செக்போஸ்ட்டில் நிற்கிறவன் மாதிரி என்று வைத்துக்கொள். அவன் தூங்கினால் லாரி ஊருக்குள் போய்விடும், அப்புறம் போலீஸ் வந்து தடியடி நடத்தும், அதில் சும்மா நின்ற கடைக்காரன் மண்டையும் உடையும். உன் வயிற்றில் வருகிற வீக்கம் அந்தத் தடியடி. ஏடிஜி16எல்1 என்று இன்னொரு ஜீன் உண்டு. உள்ளே நுழைந்த கிருமியை செல்லே செரித்துத் தீர்க்க உதவுவது.

ஜீன் மட்டும் தனியாக நின்று நோய் பண்ணாது. வீக்கத்தை அடக்கி வைக்கும் ஐஎல்-10 ஜீனை எடுத்துவிட்ட எலிக்குக் குடல் வீங்கும். அதே எலியைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் வீங்காது. மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். கெட்ட சிறுகுடலை வெட்டி இணைத்தபின், மலம் அந்த வழியே போகாமல் வயிற்றில் திறப்பு வைத்துத் திருப்பிவிட்டால் இணைப்பில் புண் திரும்புவதில்லை. பாதையைத் திறந்துவிட்ட பிறகுதான் திரும்பும்.

க்ரோன்ஸ்காரர்கள் குடலில் குறைந்துபோகிற பாக்டீரியா ஒன்று, ஃபேக்கலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்சியை. நாரைத் தின்று பியூட்டிரேட் விடும்; பெருங்குடல் தோலுக்கு அதுதான் சாப்பாடு. காற்றுப் பட்டால் செத்துவிடும், அதனால் சாஷேயில் அடைத்து வருவதில்லை. கடையில் நான் விற்கிற லாக்டோபாசில்லஸ் சாஷே க்ரோன்ஸை அடக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எனக்கு வியாபாரம் போகட்டும், நீ வாங்காதே.

நார் நல்லது என்று சொன்னதும் சக்கைப்பழத்தை, பலாவை, வெட்டி உட்காராதே. சுருக்கம் இருக்கும்வரை சக்கைப்பழத்தின் நார், மரச்சீனிக் கிழங்கின் நடுநரம்பு, முருங்கைக்காய் நார் எல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். குழைந்த கஞ்சி, மட்டிப்பழம், தோல் போன சிறுபயறு, பூசணி போதும். பாக்கெட் சாமான் வாங்கினால் பின்பக்கம் திருப்பிப் பார்; எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கச் சேர்க்கிற 466, 433 என்ற எண்கள் இருந்தால் திரும்ப அலமாரியில் வை. எலிகளில் அவை குடலின் சளிப்படலத்தை மெலிய வைத்து, பாக்டீரியாவைச் சுவரோடு ஒட்ட விட்டிருக்கின்றன. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போடு. சளி பிடித்ததற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். இதெல்லாம் முன்பே சொன்னதுதான். திரும்பவும் சொல்கிறேன்.

நான் மதிக்கிற ஜீன் டெஸ்ட் ஒன்று உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் உன் மாத்திரை அசாதையோபிரின் தொடங்குமுன் உனக்கு எடுக்கச் சொன்ன என்.யு.டி.டி.15; அந்த மருந்தை உடம்பு கையாள உதவும் ஜீன். வெள்ளைக்காரர்களுக்கு அதே மாதிரி வேலை செய்யும் டிபிஎம்டி ஜீன் எவ்வளவு முக்கியமோ, ஆசியாக்காரர்களுக்கு இது அவ்வளவு. இது கெட்டிருந்தால் மாத்திரை தொடங்கிய சில வாரத்திலேயே முடி கொத்தாகக் கொட்டும், வெள்ளையணு சரியும். உனக்கு நார்மல். அதாவது அந்த மருந்தால் உனக்கு இப்படி ஆகிற பயம் குறைவு.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் எழுதின கவரில் அசாதையோபிரின் 50 ஸ்ட்ரிப் மேசை டிராயரில் அப்படியே கிடக்கிறது. போன மாசமும் நீ கேட்கவில்லை, இந்த மாசமும் கேட்கவில்லை. பெங்களூரில் மருந்துக்கடை இல்லையா என்பாய். சரி, அங்கே வாங்கினால் பில்லைப் படம் எடுத்து அனுப்பு. பச்சை எழுத்தை நம்பி நிறுத்தினாயோ, வேறு எதையோ நினைத்து நிறுத்தினாயோ, இரண்டும் எனக்குச் சம்மதமில்லை. அது வேலை செய்யத் தொடங்கவே 2, 3 மாசம் எடுக்கும் மருந்து. நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றும். பிறகு ஒருநாள் வயிறு காட்டும். அப்போது மறுபடி தொடங்கினால் மறுபடி 3 மாசம் காத்திருக்கணும், இடையில் ஸ்டீராய்டு. நிறுத்தாதே மக்ளே.

எதற்காக எச்சில் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொல்கிறாள், எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். தாய்க்கு மட்டும் க்ரோன்ஸ் இருந்து தகப்பனுக்கு இல்லையென்றால், பிள்ளைக்கு வாழ்நாளில் வருவது 100-க்கு 5-க்குள். இரண்டு பேருக்கும் இருந்தால்தான் மூன்றில் ஒன்று அளவுக்கு ஏறும். மருமகனுக்குக் குடலில் ஒன்றும் இல்லை. இருப்பது அந்த பால்கனி சிகரெட்தான். வீட்டில் புகை வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

பொதுவாகவே இன்னொன்று. நோய் 3 முதல் 6 மாசம் அடங்கியிருந்து கரு தரித்தால், கர்ப்பம் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் போலவே போகும். புண் எரிந்துகொண்டிருக்கும்போது தரித்தால் மூன்றில் இரண்டு பேருக்கு அது அப்படியே தொடரும், அல்லது கூடும். அதற்காகத்தான் அசாதையோபிரினையும், வீக்கத்தை அடக்கும் ஊசியான அடாலிமுமாபையும் கர்ப்பத்திலும் தொடரச் சொல்கிறார்கள். கூடவே கூடாதது கருவைக் கெடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட். குறைந்தது 3 மாசம் முன்பே விட்டிருக்கணும். அந்தப் பழைய பாக்கி இருந்தால் குப்பையில் போடாதே, எனக்கே திருப்பி அனுப்பு.

முதல் பிரசவம் நம் வீட்டில் என்பது வழக்கம். யாருடைய பிரசவம் என்று கேட்காதே. நம் ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்த கையோடு, யாரையும் கேட்காமலே காசநோய்த் தடுப்பூசி பிசிஜி போட்டுவிடுவார்கள். தாய் அடாலிமுமாபிலோ அதே வகை இன்ஃப்ளிக்ஸிமாபிலோ இருந்தால் அது கூடாது. கர்ப்பத்தின் பின்பாதியில் இந்த மருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த பிறகும் மாசக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். பிசிஜியில் இருப்பது உயிருள்ள கிருமி. தாய் இன்ஃப்ளிக்ஸிமாபில் இருந்த ஒரு குழந்தைக்கு அது உடம்பெல்லாம் பரவி, உயிர் போனதாக 2010-இல் பதிவாகியிருக்கிறது. குறைந்தது 6 மாசம், பல டாக்டர்கள் 12 மாசம் தள்ளிப் போடுவார்கள். கேஸ் ஷீட்டின் மேலேயே சிவப்பு மையில் 'பிசிஜி இப்போது வேண்டாம்' என்று எழுத வைக்கணும். ஹெபடைடிஸ்-பி ஊசி உயிருள்ளதல்ல, அன்றைக்கே போடலாம். ரோட்டா சொட்டும் போலியோ சொட்டும் உயிருள்ளவை. குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைக்கணும். நாகர்கோவிலில் யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு நீ எடுக்க வேண்டியது மலத்தில் கால்ப்ரொடெக்டின், குடல் வீக்கத்தைக் காட்டும் புரதத்தின் அளவு. காலையில் முதல் தடவை போகும்போது, கழிப்பறைத் தண்ணீரோ மூத்திரமோ படாமல், பட்டாணி அளவு டப்பாவில் எடு. அன்றைக்கே லேபில் கொடு. முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடு. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும், விட்டுக் கொஞ்ச நாள் கழித்து எடு. 50-க்குக் கீழே வந்தால் நல்லது. 250-க்கு மேலே என்றால் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே வீக்கம் நடக்கிறது. நடுவில் வந்தால் கொஞ்ச வாரம் கழித்துத் திரும்ப எடு. அதோடு ரத்த எண்ணிக்கை. வெள்ளையணு 3,500-க்குக் கீழே போயிருந்தால் ராத்திரியானாலும் கூப்பிடு.

இரண்டு எண்ணையும் எனக்கு மட்டும் அனுப்பு, வேறொன்றும் எழுத வேண்டாம். கூரியர்காரன் சாயங்காலம் 4 மணிக்கு வருவான். கவரை அவனிடம் கொடுக்கட்டுமா, வேண்டாமா?

அப்பா