கோத்தகிரி சரோஜாவுக்கு

பொகவந்தலாவை, இலங்கை

அன்புள்ள சரோ,

கடிதம் போன கிழமை கிடைத்தது. அங்கே பனி விழுந்து உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிப்போச்சு என்று எழுதியிருந்தாய். இங்கே விடாத மழை. என் முழங்காலைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது, விட்டுவிடுகிறேன்.

பென்சன் எடுத்த பிறகு சந்தோசமாக இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டாய். தம்பி மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். ஆய்வுக்கென்று ஒரு கட்டு வினாத்தாளோடு வந்து, "அத்தை, தோட்டத்துப் பொம்பளைகளுக்கு விளங்குற மாதிரி இதைத் திருத்தித் தாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். கரோல் ரிஃப் என்ற அமெரிக்க அம்மா 1989 இல் வெளியிட்ட, மனநிறைவை அளக்கும் அளவுகோலாம். கவலை இருக்கிறதா, சிரிப்பு வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, மனுசர் நிறைவாக வாழ்கிறாரா என்று பார்க்கவேண்டும் என்கிறார். தன்னை ஏற்றுக்கொள்வது, பிறரோடு நல்ல உறவு, சொந்தத் தீர்மானம், சுற்றியுள்ளதைச் சமாளிக்கும் திறன், வாழ்வில் ஒரு நோக்கம், மேலும் மேலும் வளர்வது என்று ஆறு பக்கம் வைத்திருக்கிறார்.

பணிய லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, நானும் கூடப் போனேன். நீங்கள் இருந்த காம்பராவின் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு நாலைந்து பேர் இடுப்பில் கட்டிய ஈரப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்தார்கள். "அன்றாட வேலைகள நெனைச்ச மாதிரி செஞ்சுக்க முடியுதா?" என்று பிள்ளை கேட்டாள். ஒருத்தி யோசிக்கவேயில்லை: "பீலிக் குழாயில தண்ணி வந்தா முடியும்." எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவதென்று தெரியவில்லை. சொந்தத் தீர்மானம் பற்றிய கேள்விக்கு இன்னொருத்தி, "கிலோ குறைஞ்சா அரைப் பேருன்னு அரை நாள் சம்பளம் எழுதுறாங்களே, அதை நானா தீர்மானிக்கிறேன்?" என்று திருப்பிக் கேட்டாள்.

நான் அவர்கள் பக்கம்தான். மனசைச் சரியாக வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இப்போது ஆளுக்கு ஆள் வகுப்பு எடுக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுத்து எழும்புகிறவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் தோட்டத்து ஜனங்களை 525,000 பேர் உங்களுக்கு, 300,000 பேர் எங்களுக்கு என்று பங்கு பிரித்தபோது நம்மை யார் கேட்டார்கள்? நீ அங்கே, நான் இங்கே.

பிள்ளை இன்னொன்று சொன்னாள். 1995 இல் இந்த நாட்டில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை அரசாங்கம் தடை செய்தது. பத்து வருசத்தில் அந்த வீதம் பாதியாகிவிட்டது. யுத்தம் நடந்த காலம் அது, ஜனங்களின் கவலை பாதியாகக் குறைந்திருக்குமா? ஒரு கெட்ட நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில் அவ்வளவு உயிர் தங்கியிருந்திருக்கிறது.

ஆனால் வீட்டு விசயம் அவ்வளவு லேசாக இல்லை. மோடி 2017 இல் நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000 வீடு என்று சொல்லிவிட்டுப் போனது உனக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் கொஞ்சப் பேருக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்திருக்கிறது. சொந்தக் கதவு, சொந்தக் குசினி, முற்றத்தில் நாலு லீக்ஸ். பெண்பிள்ளைகள் படிக்க ஒரு மூலை. இதெல்லாம் பெரிய விசயம்தான். ஆனாலும் மேட்டு லயத்து முத்தம்மாக்கா புது வீட்டுக்குப் போனதிலிருந்து பின்னேரமானால் குடையை எடுத்துக்கொண்டு பழைய லயத்துக்கே வந்துவிடுகிறார். புது வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காதாம். ஹார்வர்டில் 1938 இல் தொடங்கி இன்னும் நடக்கிற ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் திருப்தியாக இருந்தவர்களே எண்பதில் திடமாக இருந்தார்களாம். முத்தம்மாக்கா அந்த ஆய்வைப் படிக்காமலே நடக்கிறார். லயத்தை இடித்துத் தள்ளவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு பொது இஸ்தோப்பும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

டிரைவர் வீட்டு இளையவனைப் பற்றியும் சொல்லவேண்டும். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, வருசம் பூரா வாய் திறக்கமாட்டான். மாசி வந்தால் லீவு கேட்பான். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவான். மன்மதனைச் சிவன் எரிக்கும் காமன் கூத்தில் அவன்தான் ரதி. மதன் எரிந்த பிறகு அவன் அழுகிற அழுகையில் தப்பு அடிக்கிறவர்களே கண்ணைத் துடைக்கிறார்கள். தாய்க்காரி தலையில் அடித்துக்கொள்கிறாள், கையில் காசு நிற்பதில்லை என்று. எனக்கோ, இந்தத் தோட்டத்தில் நிறைவாக வாழ்கிற ஆளைக் காட்டு என்றால் அவனைத்தான் காட்டத் தோன்றும். மேலே எழுதியதற்கு இது குறுக்கே நிற்கிறது, நிற்கட்டும். பிள்ளையின் தாளிலும் அவனுக்குச் சரியான கட்டம் கிடைக்கவில்லை.

என் சந்தோசத்துக்கு வருகிறேன். காலையில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ச் சின்னதுகளுக்குக் கதை சொல்கிறேன், அந்த மட்டில் நன்றாக இருக்கிறேன். பேச்சுத் துணைதான் குறைவு.

பாஸ்போட் எடுத்தாயா இல்லையா? மருமகளுக்குப் பேறுகாலம் எப்போது என்று எழுது. அதைப் பார்த்து மாசிக்கு வர முடியுமா என்று சொல். வினாத்தாளில் ஒன்றை இத்தோடு வைத்திருக்கிறேன், நிரப்பி அனுப்பு. பீலித் தண்ணியைப் பற்றி எழுத ஓரத்தில் இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பாக்கியம்