ஏற்காட்டுக் குட்டைகளின் கரையைத் துப்புரவாக்கும் முன்: ஒரு திறந்த மடல்

ஏற்காடு மலையின் ஊராட்சி நிர்வாகிகளுக்கும் வனத்துறையினருக்கும் காபித் தோட்ட உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

சேர்வராயன் மலையின் நீர்நிலைகள் என்றாலே பேச்சு படகுத்துறை ஏரியோடு நின்றுவிடுகிறது. இம்மடல், காபிச் செடிகளுக்கிடையே சில்வர் ஓக் நிழலில் பெயரின்றிக் கிடக்கும் குட்டைகளையும் ஓடைத் தேக்கங்களையும் பற்றியது. டெட்ராதெமிஸ் பிளாடிப்டெரா என்னும், எளிதில் கண்ணில் படாத குட்டித் தட்டானுக்கு ஏற்ற இடங்கள் இவையே.

கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகள் கொண்ட இதன் வயிற்றுப் பகுதி 2 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பின்சிறகின் அடிப்பகுதி தேன் மஞ்சளாகவும் நுனிப்பகுதி கண்ணாடிபோல் தெளிவாகவும் இருக்கும். வயலோரங்களில் சாதாரணமாகத் திரியும் நியூரோதெமிஸ் துல்லியா என்னும் மற்றொரு தட்டானின் பெண்ணுக்கும் சிறகில் மஞ்சள் உண்டு; ஆனால் அதன் சிறகு நுனி கருத்திருக்கும். கறுப்பும் மஞ்சளுமான வேறொரு குடும்பத் தட்டான்களோடும் இது குழம்பலாம். அவற்றின் இரு கண்களும் விலகி நிற்கும், இதற்கோ ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஆகவே ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாமல், பக்கவாட்டில் ஒன்று, விரிந்த சிறகு தெரிய மேலிருந்து ஒன்று என எடுப்பது நல்லது. ஆண், தண்ணீரின் மேல் நீண்ட குச்சி நுனியில் அமர்ந்து, விரட்டினாலும் பெரும்பாலும் அதே நுனிக்குத் திரும்பிவிடுவதால் படமெடுப்பது அத்தனை கடினமன்று. வலை வீசவும் தேவையில்லை.

இனி, மடலின் காரணத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தட்டான்கள் நீர்ப்பரப்பில் வால் நுனியைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகையில், இது தண்ணீருக்கு மேலே தொங்கும் சுள்ளியிலோ வேரிலோ இலையிலோ கொழகொழப்பான சிறு திரளாக முட்டையை ஒட்டிவைக்கிறது. பொரிந்து வரும் இளம்புழு அங்கிருந்து நேரே தண்ணீரில் விழ வேண்டும். கரைச் செடிகளை வெட்டி, ஓரத்தைச் செங்குத்தான சிமெண்ட் சுவராக்கிவிட்டால், குட்டை நிறையத் தண்ணீர் இருந்தும் இத்தட்டானுக்கு அது பயன்படாது. தூர்வாருதல் என்ற பெயரில் நாம் செய்வது பல இடங்களில் இதுதான். அதைத் தீங்கென்று யாரும் எண்ணுவதுமில்லை.

தூர்வார வேண்டாமென்று நான் கேட்கவில்லை. ஒரே பருவத்தில் முழுவதையும் வாராமல் பாதியை அடுத்த ஆண்டுக்கு விட வேண்டும். நீரின் மேல் சாய்ந்த கிளைகளில் ஒரு பக்கத்தையாவது தொடாதிருக்க வேண்டும். கொசுவை ஒழிக்கவென்று வெளிநாட்டு மீன்களை இக்குட்டைகளில் விடக்கூடாது. கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் புழுக்களையும் அம்மீன்கள் தின்றுவிடும். தோட்ட உரிமையாளர்களுக்குத் தனியாக ஒன்று: குட்டையோர நிழல் மரங்களைக் கவாத்து செய்யும் நாளில், முட்டைத் திரள் ஒட்டிய சுள்ளிகளை விட்டுவைக்கும்படி ஆட்களிடம் சொன்னால் போதும்.

இவற்றை இந்த ஆண்டுப் பணிகளின் மதிப்பீட்டிலேயே எழுதிவிட்டால், இயந்திரம் கரையில் இறங்கிய பிறகு ஒப்பந்ததாரரிடம் மன்றாட வேண்டியிராது.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து தட்டான்களைக் கவனித்துவரும் ஒருவர்