கடலூர் மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

போன ஞாயிறு இரவு, ஊரில் ஒரு கடையில் எனக்கு முன்னால் நின்ற பையன் "தொண்டை வலி, லேசா காய்ச்சல்" என்றான். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்தரியால் வெட்டி, நாலு மாத்திரையைக் காகித உறையில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கொடுத்தார்கள். சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடு போட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

இரண்டு மாதம் முன்பு என் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டை மூன்று நாள் காத்திருந்து வாங்கினோம். அதில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்', அதாவது கேட்காது. கேட்கக்கூடிய மாத்திரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசியாகப் பத்து நாள். ஏழாம் நாள் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தபோது, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அதிகம் மாத்திரை சாப்பிட்டவரல்ல. பிறகு எப்படி? கிருமிகள் மருந்தை எதிர்க்கும் சக்தியைத் தமக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. ஒரு பாக்டீரியா மெல்லிய இழையை நீட்டி இன்னொன்றைப் பக்கத்தில் இழுத்து, பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். கொடுத்ததற்கு ஒரு குறையும் வராது. ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு இருக்கலாம். வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டியதுமில்லை: குடலில் சாதுவாக இருக்கும் ஈ. கோலை, வயிற்றுக்கடுப்புக் கிருமியான ஷிகெல்லாவுக்கு இப்படிக் கொடுப்பதை ஜப்பானியர்கள் 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தேவையில்லாத மாத்திரை மருந்துக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடம் விடுகிறது. அந்தப் பையனின் குடலில் அப்படிப் பெருகுவது நாளை யார் வீட்டுக்குப் போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஆகவே கேட்கிறேன்: சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. செஃபிக்ஸிம் அதில் உண்டு. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டை எத்தனை கடையில் திறக்கிறீர்கள்?

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சளிக்கே ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர்கள் இருக்கிறார்கள். கோழித் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலக்கக் கூடாது என்று தடை போட 2019 வரை ஆயிற்று. வேறு எதுவும் கேட்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது! டாக்டர் ஃபீஸ் கட்ட முடியாமல்தான் பலர் நேரே உங்களிடம் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் வருபவரிடம், "அரசு ஆஸ்பத்திரியில காசில்லாம பார்ப்பாங்க, காட்டிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மகள்