மெனாய் பாலத்தின் இரும்பு

பேங்கர், வடக்கு வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு இரவுப் பணி முடிந்தது, குளிரும் பழகிவிட்டது.

இந்தக் கடிதத்தில் உங்களுக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. இங்கிருந்து ஆங்கில்சி தீவுக்குப் போக மெனாய் தொங்குபாலம் என்று ஒன்று உண்டு. 1826 ஜனவரியில் திறந்தது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 176 மீட்டர் இடைவெளி. கீழே ஒரு தூண்கூட இல்லை. பாய்மரக் கப்பல்கள் தடையில்லாமல் போக வேண்டும் என்பதால், பாதையை நீருக்கு மேல் 100 அடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்பு படகுதான். தீவின் மாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக, இழுத்துக்கொண்டு ஓடும் இந்த நீரில் நீந்தவிட்டார்களாம். வாயில்லாச் சீவன்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

கட்டியவர் தாமஸ் டெல்ஃபோர்டு. ஆடு மேய்த்தவரின் மகன், கல்தச்சு வேலை பழகி மேலே வந்தவர். அவர் இரும்பைப் பார்த்துக்கொண்ட விதம் உங்களுக்குப் பிடிக்கும். மொத்தம் 16 சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 935 தேனிரும்புச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் இழுத்துச் சோதித்து, தாங்கினால்தான் எடுத்துக்கொண்டார்கள். பாலத்தில் ஏறும்வரை துரு அண்டக்கூடாது என்று ஆளிவிதை எண்ணெயில் ஊறப்போட்டார்கள். தீட்டிய அரிவாளுக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றிவைப்பீர்களே, அதே கவனம்தான். முதல் சங்கிலியை 1825 ஏப்ரலில் ஏற்றினார்கள். அதைத் தெப்பத்தில் கிடத்தி நடுநீருக்குக் கொண்டுவந்து, சுமார் 150 பேர் குழலோசைக்கு அடி வைத்துச் சுற்றி இழுத்திருக்கிறார்கள்.

1839 புயலில் மரத்தளம் பெயர்ந்தது. பின்னாளில் வண்டிகளின் பாரம் கூடியதால் 1938 முதல் 1940 வரை பழைய சங்கிலிகளைக் கழற்றி எஃகில் மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சுண்ணாம்புக்கல் கோபுரங்கள் அன்று கட்டியவையே. நடுப்பாலத்தில் சங்கிலி தாழ்ந்து வரும் இடத்தில், ஆணி கோத்த மூட்டுகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நீங்கள் வந்தால் அங்கிருந்து நகரமாட்டீர்கள்.

பட்டறையை விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொல்வதாகத் தம்பி எழுதியிருந்தான். வேண்டாம் அப்பா. துருத்தியை மாற்றவும் கூரையைச் சரிசெய்யவும் இந்த மாதமே பணம் அனுப்புகிறேன். கொழு அடித்துத் தர உங்களை விட்டால் சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

அன்பு மகள்