16ஆம் சேனலில் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இலங்கையின் அம்பாந்தோட்டை, பாகிஸ்தானின் குவாதர், ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி என்று துறைமுகங்களை வரிசையாகச் சொல்லி, இந்தியாவைச் சுற்றி வளைக்கிறார்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அவர் கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடலில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். அவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு மாலுமியைக்கூடக் காணவில்லையே என்பதுதான் என் வருத்தம். கடல் பாதுகாப்பு என்றால் முதலில் அந்தக் கப்பலில் இருக்கும் இருபது, இருபத்தைந்து பேருடைய உயிர் அல்லவா? ஆபத்தில் மாட்டிய கப்பல் உதவி கேட்டுக் கூப்பிடும் வானொலி அலைவரிசைதான் 16ஆம் சேனல்.

சோமாலியக் கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்த காலத்தில் நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. முழுப் பாரம் ஏற்றினால் மணிக்கு 12 கடல்மைல் தாண்டாது. தளமும் தண்ணீரை ஒட்டியே இருக்கும். கொள்ளையருக்கு அப்படிப்பட்ட கப்பல்தான் வேண்டும். 18 கடல்மைலுக்கு மேல் ஓடும் கப்பலில் அவர்கள் ஏறியதில்லை என்று அப்போது எங்களுக்குத் தந்த கையேட்டிலேயே இருந்தது. கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டினோம். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம். பாய்லர் சூட் எனும் வேலை உடைக்குள் பழந்துணி அடைத்துப் பொம்மைக் காவலாளிகளை நிறுத்தினோம். அவர்கள் வரும் சின்னப் படகு ராடாரில் சரியாகத் தெரியாது. அலையின் வெள்ளை நுரையைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

அந்தப் பயணங்களில் ஒன்றில் சோமாலியாவை ஒட்டிய ஏடன் வளைகுடாவைச் சீனக் கடற்படையின் காவலோடு கடந்தோம். எங்கள் கப்பலில் ஒரு சீனர்கூட இல்லை. விண்ணப்பம் கொடுத்தோம், சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். போர்க்கப்பலில் இருந்த அதிகாரி வி.எச்.எஃப். வானொலியில் ஒவ்வொரு கப்பலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிலவரம் கேட்பார். நாங்கள் கொஞ்சம் பின்தங்கினால், ‘இடைவெளி அதிகமாகிறது, நெருங்கி வாருங்கள்’ என்று பொறுமையாகச் சொல்வார். இரவு வாட்ச் பணியில் அந்தக் குரல் கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுத்தில் சொல்ல முடியாது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

2008 டிசம்பர் 26 அன்று ஹைனான் தீவின் சான்யாவிலிருந்து இரண்டு நாசகாரிக் கப்பல்களும் ஒரு துணைக்கப்பலும் புறப்பட்டன. அப்படித்தான் சீனாவின் அந்தப் பணி தொடங்கியது. தன் கப்பல்களைக் காக்கத்தான் வந்தது, உண்மை. ஆனாலும் அடுத்தவர் கப்பலையும் அழைத்துக்கொண்டு போனது. 2012இல் இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் தங்கள் காவல் பயண நேரங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி பேசி வைத்துக்கொண்டன. எல்லையில் முறைத்துக்கொள்ளும் நாடுகள் கடலில் ஒரே அட்டவணையில் வேலை செய்தன! இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரியாவது வர வேண்டாமா?

அப்புறம் போக்கு மாறியது. 2014இல் சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. 2017இல் ஜிபூட்டியில் சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளம் திறக்கப்பட்டது. சீனா வாங்கும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தப் பெருங்கடலைத் தாண்டி மலாக்கா நீரிணை வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழி அடைபட்டுவிடுமோ என்ற பயம் நியாயமானது. எந்த நாடாக இருந்தாலும் காவல் போடும். ஆனால் வெளிப்புற மோட்டார் மாட்டிய படகில் வரும் கொள்ளையனைப் பிடிக்க நீர்மூழ்கி எதற்கு? 2022இல் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் எந்தக் கொள்ளையனைத் தேடி வந்தது? கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகும் இடம் இது.

என்னை நிஜமாகவே வாட்டியது 2023 கடைசியில் செங்கடலில் நடந்தது. ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், சீனர்களைத் தொடமாட்டார்கள் என்று நம்பிச் சில கப்பல்கள், கப்பலின் இருப்பிடத்தை மற்றவருக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியில் சேருமிடத் துறைமுகத்தின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில், ‘எல்லாரும் சீன மாலுமிகள்’ என்று எழுதிக்கொண்டு ஓடின. உயிருக்குப் பயந்து எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி எழுத வழியில்லாத கப்பலில் இருந்த இந்தியரும் பிலிப்பினோவும் என்ன செய்வார்கள்? அந்த நவம்பரில் சென்ட்ரல் பார்க் என்ற டேங்கர் ஏடன் வளைகுடாவில் அபயக்குரல் கொடுத்தபோது அருகிலிருந்த சீனப் போர்க்கப்பல்கள் போகவில்லை என்று அமெரிக்க ராணுவத் தலைமையகம் சொன்னது. சீனாவுக்கு ஆகாதவர்கள் சொன்னது என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்த மாதங்களில் மற்றவர் கப்பலுக்காகச் சீனப் போர்க்கப்பல் ஓடி வந்தது என்ற செய்தி என் கண்ணில் படவே இல்லை.

நம் கடற்படை போனது. 2024 ஜனவரியில் மார்லின் லுவாண்டா டேங்கர் ஏவுகணை பட்டு எரிந்தபோது ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்தின் ஆட்களும் தீயை அணைக்க அந்தக் கப்பலில் ஏறினார்கள். மார்ச் மாதம் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று மாலுமிகள் செத்தார்கள். உயிரோடிருந்த 21 பேரை மீட்டது ஐ.என்.எஸ். கொல்கத்தா. அவர்களில் ஒரே ஒருவர்தான் இந்தியர். கூப்பிட்டவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

சீனா ஒன்றை யோசிக்க வேண்டும். அதன் துறைமுகங்களுக்குப் போகும் இரும்புத்தாதுவும் எண்ணெயும் சீனக் கொடிக் கப்பல்களில் மட்டும் போவதில்லை. பனாமா, லைபீரியக் கொடியோடு, நம் பிள்ளைகளும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் ஓட்டும் கப்பல்களில்தான் பெருமளவு போகிறது. சீனச் சரக்கைச் சுமப்பவனை அந்நியன் என்று விட்டுவிட்டு எந்த வணிகப் பாதையைக் காப்பது?

நம் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். துறைமுகத்தை எண்ணிப் பயந்துகொண்டு மட்டும் இருக்காமல், 2012இல் இருந்த அந்தக் கூட்டு அட்டவணையை மறுபடி பேச்சில் வையுங்கள். அபயக்குரல் வந்தால் அருகிலிருக்கும் போர்க்கப்பல், எந்த நாட்டுடையது ஆனாலும், போக வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். சீனா மறுத்தால் அந்த மறுப்பையும் உலகம் பார்க்கட்டும்.

தங்கள் நாளிதழும் இந்தக் கடலைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, அதில் ஓடும் மாலுமிகள் நாலு பேரிடம் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வணிகக் கப்பல் அதிகாரி,
தூத்துக்குடி