புளியரையில் இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்கூடம்: 20 லேப்டாப்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் செங்கோட்டை, பண்பொழி, வடகரை. அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை. எங்கள் ஞாயிறு வகுப்புக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1976இல் புனலூரில் அமைக்கப்பட்ட ரப்பர் தோட்ட நிறுவனத்தின் குடியிருப்புகளிலிருந்தும் சிலர் பஸ் பிடித்து வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கணினிப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவே படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பைத் தமிழில் சொல்லித்தர அருகில் வேறு இடம் இல்லை. பெருநகரங்களில் தனியார் நிறுவனங்கள் கேட்கும் கட்டணத்தை இவர்களுடைய பெற்றோரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஏ.பி.கே. கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றை ஒரு ஞாயிறு எடுத்துக்கொண்டோம். இணையத் தொடர்பைத் துண்டித்த லேப்டாப்பில், அதை நிறுவாமல் பிரித்து மட்டும் பார்த்தோம். அது கேட்கும் அனுமதிகள் திரையில் வரிசையாக வந்தன: குறுஞ்செய்திகளைப் படிக்க, புதிய குறுஞ்செய்தி வந்ததும் அறிய, போனை இயக்கியவுடன் தானாகவே ஓட. "கல்யாணப் பத்திரிகைக்கு என் மெசேஜ் எதற்கு?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது! அதைப் படித்து வேறெங்கோ அனுப்பிவிட்டால் கணக்கு காலி. எங்கே அனுப்புகிறது என்று அவளும் அவள் தோழியும் நிரலுக்குள் தேடி, புதைந்திருந்த முகவரியையும் கண்டுபிடித்தார்கள்.

அன்று கூடத்தில் இருந்தவை மூன்றே லேப்டாப்கள். மற்ற மாணவர்கள் பின்னால் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். நின்று பார்த்தால் இந்த வேலை வராது. கட்டளையைத் தானே தட்டச்சு செய்து, தவறாகப் போய், ஏன் போனது என்று தானே தேடிப் பார்த்தால்தான் வரும். இந்த வேண்டுகோள் முழுவதும் அதற்காகத்தான்.

போனில் படித்தால் போதாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. போதாது. ஒரே லேப்டாப்புக்குள், மென்பொருளால் உருவாக்கிய இரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறோம். ஒன்று தாக்கும், மற்றொன்று தாக்கப்படும். தாக்குதல் நடந்த பிறகு, கணினி தானாக எழுதிவைக்கும் பதிவேடுகளைத் திறந்து, எந்த நேரத்தில் யார் எந்த வழியாக நுழைந்தார் என்று மாணவர் எழுதிக் காட்ட வேண்டும். இதற்கு 16 ஜி.பி. நினைவகம் தேவை. லினக்ஸ் இயங்குதளம், வலையில் போய்வரும் தகவல்களைக் காட்டும் வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் எல்லாம் இலவசம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் பிகோசிடிஎஃப் என்ற சிடிஎஃப் (இணையப் பாதுகாப்புப் புதிர்களை விடுவிக்கும்) போட்டிக்கும் கட்டணம் இல்லை. காசு கேட்பது இயந்திரம் மட்டுமே.

பூட்டைத் திறக்கக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் முதல் பாடமே சட்டம்தான். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கெட்ட நோக்கத்தோடு ஒரு கணினிக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். எங்கள் கூடத்தில் தாக்குதல் பயிற்சி எங்கள் சொந்த இயந்திரங்களுக்குள் மட்டுமே நடக்கும். அவற்றை இணைக்கும் வலையிலிருந்து வெளியே வழி கிடையாது.

வேலை உண்டா என்றால், உண்டு. 2019இல் பக்கத்து மாவட்டத்தில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையோடு இணைந்த ஒரு கணினிக்குள் தீநிரல் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகமே உறுதி செய்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வலையோடு சேராமல் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது. அப்படித் தனியாகப் பிரித்து வைப்பதும், புகுந்ததைக் கண்டுபிடிப்பதும் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022இல் உத்தரவிட்ட பிறகு, சிறிய நிறுவனங்களுக்கும் இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறார். மலையைத் தாண்டினால் கொல்லம் மாவட்டத்தின் அமிர்தபுரியில், நாட்டின் முன்னணி சிடிஎஃப் அணிகளில் ஒன்றான பயோஸ், கல்லூரி மாணவர்களாலேயே வளர்ந்திருக்கிறது. ரயிலில் எட்டிவிடும் தொலைவில் அது நடக்கும்போது, நம் பிள்ளைகளால் முடியாது என்று நாங்கள் நம்பவில்லை. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் உள்ள மத்தளம்பாறையிலும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் வேலைபார்க்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் ஊதியம் வாங்காமல் வந்து பாடம் நடத்துகிறார்கள்.

இனி கணக்கு. மொத்த மதிப்பீடு 5,00,000 ரூபாய். இதுவரை சேர்ந்த 1,40,000 ரூபாயில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் 60,000, மேசை பெஞ்சுகள் 55,000, ரூட்டர், ஸ்விட்ச், கேபிள்கள் 25,000 என்று செலவாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். ஆகவே இன்வெர்ட்டரைத்தான் முதலில் வாங்கினோம். மீதி 3,60,000 ரூபாய் முழுவதும் லேப்டாப்களுக்கு. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்தவற்றைச் சரிபார்த்து, நினைவகம் கூட்டி, ஒன்று 18,000 ரூபாய்க்குத் தர வியாபாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு லேப்டாப்பைத் தனியாகவும் தரலாம், நான்கு பேர் சேர்ந்தும் தரலாம். ஐம்பது ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. 80ஜி வரிச்சலுகைச் சான்று எங்களிடம் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

உங்களிடம் பழைய லேப்டாப் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அதில் உள்ள தகவல்களை உங்கள் கண்ணெதிரே அழித்த பிறகே வாங்கிக்கொள்வோம்.

ஜூனில் இரு மாநிலங்களிலும் பள்ளிகள் திறக்கின்றன. அதற்குள் 20 லேப்டாப்களும் மேசைக்கு வந்துவிட வேண்டும். நன்கொடையை ஞாயிறு காலை 10 முதல் மாலை 4 மணி வரை பயிற்சிக்கூடத்தில் நேரில், பணமாகவோ காசோலையாகவோ தரலாம். வரவு செலவு ஒவ்வொரு மாத முதல் ஞாயிறன்றும் கூடத்தின் வாசலில் ஒட்டப்படும். எங்கள் பெயரில் வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடோ பணம் கட்டும் லிங்க்கோ வந்தால் அது மோசடி, பணம் செலுத்தாதீர்கள். செலுத்திவிட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், பிறகு எங்களுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சிக்கூடக் குழுவினர்,
புளியரை